இரண்டு வாய் சொன்னால் ஒரு மார்க்

அத்தியாயம் 14

"இனிமே உன் வீட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன்" என்று போன வாரம் அண்ணனிடம் கத்திவிட்டு வந்த பல் டாக்டர், இந்த ஞாயிற்றுக்கிழமை காலை அதே அண்ணன் நடத்தும் விழாவில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சபதம் ஒன்றும் உடைந்துவிடவில்லை. பூங்காவுக்கு ஏது வாசப்படி?

வந்ததற்குக் காரணங்கள் இருந்தன. அவள் பெற்ற மகள், தெரு முழுக்க 'வாலு' என்று பேர் வாங்கியவள், விழாவின் குழந்தைகள் போட்டியில் பச்சைத் தொப்பி அணியில் இருந்தாள். அதைவிடப் பெரிய காரணம், அப்பா.

அப்பாவை மாதம் பிறந்ததும் முதியோர் இல்லத்தில் சேர்க்கப் போவதாக அண்ணன் அறிவித்திருந்தார். "மறதி முத்திப்போச்சு. சாப்பிட்டதையே மறந்துட்டு மறுபடி சாப்பாடு கேக்குறாரு" என்று ஊர் முழுக்கச் சொல்லி, பார்க்கிற எல்லாரிடமும் ஒரு 'ஐயோ பாவம்' வாங்கி வைத்திருந்தார். டாக்டர் அதை நம்பவில்லை. ஆதாரம் என்ன என்று கேட்டால் அவளிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அண்ணன் ஒரு விஷயத்தைச் சொன்னால் அது பொய்யாகத்தான் இருக்கும்.

அண்ணனுக்கு ஊரில் 'தலைவர்' என்று பெயர். ஒரு காலத்தில் குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவராக இருந்தார். சங்கம் சண்டை போட்டுக் கலைந்துபோய் வெகுகாலம் ஆகிவிட்டது. தலைவர் மட்டும் கலையவில்லை.

நகரத்துக்கு நூறு வயது ஆகிறதாம். அதற்காகத் தலைவர் தன் சொந்த மூளையைக் கசக்கி ஏற்பாடு செய்ததுதான் இந்த 'ஊர் வரலாற்று வேட்டை'. நான்கு நான்கு குழந்தைகளாக அணி பிரித்து, அணிக்கொரு கலரில் தொப்பி மாட்டி, கையில் ஒரு வரைபடத்தைக் கொடுத்துத் தெருவில் அவிழ்த்துவிட வேண்டியது. புதிர்களை வைத்துப் பழைய இடங்களைத் தேடிப்போய், ஒவ்வோர் இடத்தைப் பற்றியும் ஒரு கேள்விக்கு விடை கொண்டுவர வேண்டும்.

புதிர்களை டாக்டர் வாங்கிப் படித்துப் பார்த்தாள். 'நின்ற இடத்தில் நிற்பேன், ஊர்க் கடிதம் எல்லாம் தின்பேன்.' தபால் பெட்டி. 'மணி அடிப்பேன், பள்ளி இல்லை. தண்ணீர் அடிப்பேன், மழை இல்லை.' தீயணைப்பு நிலையம். இவற்றைக் கண்டுபிடிக்க மூளை வேண்டாம், கண் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டே தாளை மடித்துத் தனக்கு விசிறிக்கொண்டாள்.

"என்ன, நல்லாருக்கா?" பின்னாலிருந்து தலைவர் கேட்டார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் மைக், முகத்தில் நூறு வருஷத்தையும் தானே பெற்று வளர்த்த களை.

"ரொம்ப நல்லாருக்கு. எல்கேஜி பசங்களுக்கு அடுத்த வருஷம் இதையே வெச்சுடு."

"உனக்கு எப்பவும் இளக்காரம்தான். விதி என்னன்னு படிச்சியா? போனைப் பாத்து எழுதக்கூடாது. புத்தகத்தைப் பாத்து எழுதக்கூடாது. ஊர்க்காரங்க வாயால கேக்கணும். அதுவும் ஒரு வாய் போதாது, ரெண்டு வாய். ரெண்டும் வேற வேற தெருவா இருக்கணும். ரெண்டு பேரும் ஒண்ணையே சொன்னாத்தான் ஒரு மார்க். எப்படி?"

"யார் சொல்லிக் குடுத்தா?"

"நானே யோசிச்சேன்."

போன வருஷம் நடத்திய ஓவியப் போட்டியில் குழந்தைகளின் படங்களை எல்லாம் அம்மாமார்களே வரைந்து தள்ளியதில் தலைவரின் மானம் கப்பலேறியிருந்தது. அந்த வடு ஆறத்தான் இந்த விதி. அவர் வாழ்க்கையில் சொந்தமாக யோசித்த உருப்படியான காரியம் இது ஒன்றுதான் என்பதை டாக்டர் மனதுக்குள் ஒப்புக்கொண்டாள். வாயால் சொல்லவில்லை.

கடைசிக் கேள்வியில்தான் தலைவரின் உயிர் இருந்தது. 'பெருவெள்ளத்தின்போது ஐஸ் பேக்டரியின் கதவைத் திறந்து ஊரைக் காத்தவர் யார்?' விடை, பெரிய முதலாளி. அதாவது அப்பாவின் அப்பா. ஐஸ் பேக்டரி அவருடையது. ஐம்பது வருஷத்துக்கு முன் ஊருக்குள் ஆறு புகுந்தபோது பேக்டரியின் மாடியைத் திறந்துவிட்டு நூற்றுக்கணக்கான பேரைக் காப்பாற்றினார் என்று வீட்டில் ஒரு கதை உண்டு. எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்த கதை. பேக்டரி இப்போது மேஜை நாற்காலி விற்கும் கடையாகிவிட்டது. அதன் சுவரில் பெரிய முதலாளியின் பெயரோடு ஒரு பித்தளைப் பலகை, துணி போர்த்தி, மதியம் நகராட்சி ஆணையர் கையால் திறக்கப்படுவதற்காகக் காத்திருந்தது.

"வந்துட்டியா? வரமாட்டேன்னுதானே போனே?" என்று அண்ணி பிஸ்கட் தட்டோடு வந்தாள். நெஞ்சில் 'ஒருங்கிணைப்பாளர்' என்று பட்டை.

"பொண்ணுக்காக வந்தேன். உங்களைப் பாக்க வரல."

"எங்க மேல கோவப்படாதே. அப்பா போறதுல எனக்கு மட்டும் வருத்தம் இல்லையா? நாங்க என்ன செய்ய முடியும் சொல்லு, அவரா வந்து..."

"போதும் அண்ணி. பெத்தவரைத் துரத்திட்டுக் கண்ணைத் துடைச்சுக்காதீங்க."

அண்ணி பிஸ்கட்டை நீட்டினாள். டாக்டர் இரண்டு எடுத்துக்கொண்டாள். கோபம் வேறு, பிஸ்கட் வேறு.

பூங்காவின் நடுவே, மரத்தடியில், கை வைத்த நாற்காலியில் அப்பா உட்காரவைக்கப்பட்டிருந்தார். தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்காக ஒரு நீலப் பட்டை. அதில் தங்க எழுத்தில் 'வாழும் வரலாறு'. அழகிப் போட்டிக்குக் கிளம்பியவர் போல இருந்தது.

டாக்டர் பார்த்ததும் முடிவு கட்டினாள். இது மரியாதை இல்லை, கண்காட்சி. பாருங்கள், எப்படி ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார், இவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று ஊருக்குக் காட்டுகிறார் தலைவர். அடுத்த வாரம் இல்லத்துக்குக் கார் கிளம்பும்போது ஒருவர்கூடக் கேள்வி கேட்கமாட்டார்.

"அப்பா, மாத்திரை போட்டீங்களா? வெயில் மூஞ்சியில படுதா? தண்ணி வேணுமா?" என்று குனிந்து கேட்டாள்.

அவள் தொழில் அப்படி. வாயைப் பிளக்க வைத்து, உள்ளே பஞ்சை அடைத்து, கண்ணாடியை விட்டபிறகுதான் "வலிக்குதா? எத்தனை நாளா? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்பாள். நோயாளி "ங்ங்" என்பார். அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு அவள் வேலையைத் தொடர்வாள். வருஷக்கணக்கில் இதே பழக்கம்.

அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அவள் திரும்பி, "அண்ணா! நாற்காலியை நிழல்ல போடக்கூடத் தெரியாதா உனக்கு?" என்று சத்தம் போடப் போய்விட்டாள்.

தலைவர் விசில் ஊதினார். தொப்பிகள் சிதறி ஓடின.

பச்சைத் தொப்பிகளின் பின்னால் டாக்டர் கொஞ்சம் தூரம் போனாள். உதவி செய்ய அல்ல. பூங்காவில் உட்கார்ந்து தலைவரின் வர்ணனையைக் கேட்பதைவிட வெயிலில் நடப்பது மேல். வாலுவின் அணி தபால் பெட்டியை முடித்து, தீயணைப்பு நிலையத்தில் மணியை அடித்துப் பார்த்துத் திட்டு வாங்கி, பாலத்தடியில் பழைய வெள்ளம் ஏறிய உயரத்தைக் காட்டும் கோட்டை அளந்துவிட்டு, மூச்சிரைக்க நாற்காலிக் கடைக்கு எதிரே இருந்த சலூனுக்குள் புகுந்தது. டாக்டர் வாசலிலேயே நின்றாள்.

சலூன்காரர் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். வாலு கேள்வியைப் படித்தாள். கத்தி பாதிக் கன்னத்தில் நின்றது.

"யாரு திறந்தாங்களா?" என்றார் சலூன்காரர். "யார் கேக்கச் சொன்னது இதை?"

"தலைவர் மாமா."

"அவரா கேக்கச் சொன்னாரு!" என்று சிரித்தார். சோப்பு நுரையோடு இருந்தவரும் கண்ணாடிக்குள்ளிருந்து சிரித்தார். "நல்லா எழுதிக்கோ பாப்பா. எங்கப்பா அந்த மாடியிலதான் ரெண்டு ராத்திரி கிடந்தாரு. பெரிய முதலாளி மழை வலுத்த அன்னிக்கே பேக்டரியைப் பூட்டிட்டுக் குடும்பத்தோட கிளம்பிட்டாரு. சாவி அவர் பையில. தண்ணி இடுப்புக்கு வந்ததும் சனம் கதவுல போய் முட்டுது. வாட்ச்மேன் ஒரு ஆள்தான் காவலுக்கு. ஐஸ் உடைக்கிற கம்பி இருக்கும் பாரு, அதால பூட்டை நெம்பித் தூக்கிப் போட்டுட்டு, எல்லாரையும் மாடிக்கு ஏத்திவிட்டாரு."

"அப்புறம் பெரிய முதலாளி வந்து வாட்ச்மேனுக்குப் பரிசு குடுத்தாரா?" இன்னொரு பச்சைத் தொப்பி கேட்டது.

"குடுத்தாரே. பூட்டை உடைச்ச குத்தத்துக்கு வேலையை விட்டுத் துரத்தினாரு."

டாக்டர் இந்தக் கதையை இன்றுதான் கேட்கிறாள். அதிர்ச்சி என்று ஒன்றும் இல்லை. சந்தோஷம்தான் வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். தன் குடும்பம் அதற்குப் பித்தளையில் பலகையும் அடித்து வைத்திருக்கிறது.

அப்போதுதான் சலூன்காரர் வாசலைப் பார்த்தார். "ஐயோ, டாக்டரம்மா! நீங்க பெரிய முதலாளி பேத்தி இல்ல? தப்பா நினைச்சுக்காதீங்கம்மா."

"தப்பே இல்ல. இன்னும் சத்தமா சொல்லுங்க. கடைசிப் பொண்ணு சரியா எழுதிக்கலை."

வாலு பேனாவை மூடினாள். "ஒரு வாய் ஆச்சு. இன்னொரு வாய் வேணும். வாங்கடி, நேரம் இல்ல!"

இந்த இடத்தில் தலைவர் செய்த ஒரு தவறைச் சொல்லிவிட வேண்டும். அப்பாவிடம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்று தொண்டர்களிடம் சொல்லிவைத்தார், ஒலிபெருக்கிக்காரரிடம் சொல்லிவைத்தார், டீ கொடுப்பவரிடம்கூடச் சொல்லிவைத்தார். ஓடுகிற குழந்தைகளிடம் சொல்ல மறந்துவிட்டார். மறதி யாருக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வோர் அணிக்கும் கடைசிக் கேள்விக்கு ஒரு வாய் குறைந்தது. நேரமோ முடியப்போகிறது. பூங்காவுக்குத் திரும்பி ஓடிவந்தால் நட்டநடுவில், மரத்தடியில், எந்த வேலையும் இல்லாமல் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். நெஞ்சில் 'வாழும் வரலாறு' என்று வேறு எழுதியிருக்கிறது. குழந்தைகள் வேறு எங்கே போகும்?

டாக்டர் திரும்பி வந்தபோது அப்பாவைச் சுற்றிக் கலர் கலராகத் தொப்பிகள். அப்பா கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். தூரத்தில் மேடையில் நாற்காலி வரிசையைச் சரி செய்துகொண்டிருந்த தலைவர் அதைப் பார்த்துவிட்டு, கொஞ்சுகிறார்கள் என்று நினைத்து, அண்ணியைப் படம் எடுக்கச் சொன்னார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது கேள்விப்பட்டதுண்டு, அதைப் படமும் எடுத்து வைத்தவர் இவர் ஒருவர்தான்.

நகராட்சி ஆணையரம்மா வந்தார். உட்கார்ந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தலைவர் மைக்கைத் தட்டினார், ஊதினார், பிறகு நகரத்தின் நூறு வருஷத்தை ஆதியிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். நாற்பது வருஷம் கடப்பதற்குள் ஆணையர் மறுபடி கைக்கடிகாரத்தைப் பார்த்ததால் விடைகளுக்குத் தாவினார்.

முதல் ஐந்து கேள்விகள் சுமுகமாகப் போயின. மஞ்சள் தொப்பியும் பச்சைத் தொப்பியும் சம மார்க். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இப்ப கடைசிக் கேள்வி! இதை ஒவ்வொரு அணியா கேக்கப் போறதில்ல. எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து ஒரே குரல்ல சொல்லணும். ஊருக்கே கேக்கணும். பெருவெள்ளத்துல ஐஸ் பேக்டரிக் கதவைத் திறந்து ஊரைக் காப்பாத்தினவர் யாரு?"

"வாட்ச்மேன்!"

தலைவரின் சிரிப்பு முகத்திலேயே தங்கிவிட்டது, எடுத்து உள்ளே வைக்க மறந்தவர் போல. "யாரு?" என்றார். கேட்காமல் விட்டிருக்கலாம். கத்தச் சொன்னால் குழந்தைகளுக்குக் கசக்குமா?

"வாட்ச்மே...ன்!"

"இல்ல, இல்ல. தப்பு. யாரோ உங்களுக்குத் தப்பா சொல்லியிருக்காங்க. சரியான விடை..."

"ரெண்டு வாய் சொல்லுச்சு சார்" என்றது ஒரு மஞ்சள் தொப்பி.

"எங்களுக்கும்!" "எங்களுக்கும்!" நாலா பக்கமும் தாள்கள் உயர்ந்தன.

ஆணையர் கைக்கடிகாரத்தை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "யார் யார் சொன்னாங்க?"

வாலு மேடை அருகே போய்த் தாளைப் பார்த்துக் கணீரென்று படித்தாள். "முதல் வாய், சலூன் அங்கிள். ரெண்டாவது வாய், வாழும் வரலாறு."

"எங்களுக்கு முதல் வாய் தையல் கடை அக்கா. ரெண்டாவது வாழும் வரலாறு."

"எங்களுக்கு லாரி டிரைவர். அப்புறம் வாழும் வரலாறு."

கூட்டத்தில் முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. டாக்டராகக்கூட இருக்கலாம்.

தலைவர் கடைசியாக ஒரு துரும்பைப் பிடித்தார். குரலைத் தணித்து, மைக்கை வாயோடு ஒட்டி, "நண்பர்களே, எங்க அப்பாவுக்கு ஞாபக மறதி இருக்குங்கறது உங்க எல்லாருக்கும் தெரியும். பாவம், அவர் ஏதோ நினைவு தப்பி..."

"அதெப்படி மாமா?" வாலு விடவில்லை. "பூட்டை எதால உடைச்சாங்கன்னு சலூன் அங்கிள் சொன்னாரு, ஐஸ் உடைக்கிற கம்பி. தாத்தாவும் அதையேதான் சொன்னாரு. நாங்க தாத்தாகிட்ட முன்னாடியே சொல்லலை. மறந்தவங்களுக்கு அது எப்படித் தெரியும்?"

"மாடியில பெரிய பெரிய மரப்பெட்டி இருந்துச்சாம். அதுலதான் குழந்தைங்களைப் படுக்க வெச்சாங்களாம். தையல் கடை அக்காவோட அம்மா சொன்னாங்களாம், தாத்தாவும் சொன்னாரு" என்றது இன்னொரு தொப்பி.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "அந்தப் பெட்டியில படுத்த குழந்தைங்கள்ல நானும் ஒருத்திதான். எங்கம்மா சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். இதுல என்ன சந்தேகம்?"

ஆணையர் தலைவர் பக்கம் திரும்பினார். "ரெண்டு வாய் விதி நீங்க போட்டதுதானே?"

"ஆமா மேடம், ஆனா அது..."

"அப்ப மார்க்கைப் போட்டுட்டு முடிங்க. பலகை விஷயம் அப்புறம் பாத்துக்கலாம்." ஆணையர் எழுந்தார். போகிற வழியில் அப்பாவின் நாற்காலி அருகே ஒரு நிமிஷம் நின்று கைகொடுத்துவிட்டுப் போனார். பித்தளைப் பலகை போர்த்திய துணியோடு அப்படியே நின்றது.

எல்லா அணிக்கும் ஒரு மார்க் கூடியது. கோப்பையை வாங்கியது மஞ்சளா பச்சையா என்று டாக்டர் கவனிக்கவே இல்லை. அவள் அதற்குள் மேடைக்குப் பின்னால் போய்விட்டாள். வாழ்க்கையில் இவ்வளவு ருசியான ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வாய்த்ததில்லை.

மேடைக்குப் பின்னால் மடக்கு நாற்காலிகளின் அடுக்கு, டீ டிரம், காலிப் பிஸ்கட் பெட்டிகள். அவற்றின் நடுவே தலைவர் அடையாள அட்டையைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். அண்ணி அப்பாவைக் கைபிடித்து அழைத்து வந்து ஒரு நாற்காலியை விரித்து உட்காரவைத்தாள்.

"என்ன தலைவரே" என்றாள் டாக்டர். "மறதிக்காரர் சொன்ன பதிலுக்கு ஊரே மார்க் போட்டுச்சே, பாத்தியா? ஐம்பது வருஷத்துக்கு முன்னாடி எந்தக் கம்பியால பூட்டை உடைச்சாங்கன்னு தெரியுது, மதியம் சாப்பிட்டது மறந்துபோகுதா? யாருக்குக் காது குத்துற?"

தலைவர் அட்டையின் நாடாவை விரலில் இன்னொரு சுற்று சுற்றினார்.

"அப்பா இருக்கிற கீழ் வீடு உனக்கு வேணும். அங்க போர்டு மாட்டி ஆபீஸ் போடணும். அதுக்குப் பெத்த அப்பனைப் பைத்தியக்காரன் ஆக்கி நடுப் பூங்காவுல உக்கார வெச்சுக் காட்டினே. தாத்தா அந்தப் பக்கம் பூட்டைப் போட்டாரு, நீ இந்தப் பக்கம் பட்டையைப் போடுற. வம்சமே ஒரே லட்சணம்!"

"நீ விஷயம் தெரியாம பேசுற" என்றார் தலைவர், தரையைப் பார்த்து.

"என்ன விஷயம்? சொல்லேன். வாய் இருக்கில்ல, மைக் இல்லாம பேச வராதா? சரி, நான் சொல்றேன் கேளு. என் வீட்ல மாடி ரூமைக் காலி பண்ணியாச்சு. கட்டில் போட்டாச்சு. அப்பா இன்னைக்கே என் வீட்டுக்கு வர்றாரு. எவன் தடுக்கிறான்னு பாக்குறேன்."

"நான் வர்றேன்னு உன்கிட்ட எப்பம்மா சொன்னேன்?"

கேட்டது அப்பா. சாதாரணமாகத்தான் கேட்டார், டீக்குச் சர்க்கரை போட்டாயா என்று கேட்பது போல.

டாக்டர் திரும்பினாள். "என்னப்பா?"

"இல்லத்துக்குப் போறேன்னு சொன்னது நான். இவன் இல்ல. பஸ் ஏறிப் போய் இடம் பாத்துட்டு வந்ததும் நான்தான். பூங்காவுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனேன். சாயங்காலம்தான் திரும்பி வந்தேன். எங்க போனேன்னு ஒருத்தரும் கேக்கலை."

டாக்டர் அண்ணனைப் பார்த்தாள். "அப்ப மறதின்னு...?"

அண்ணி மெதுவாகச் சொன்னாள். "அதைத்தான் காலையில சொல்ல வந்தேன். மகன் வீட்டை விட்டு அப்பாவே கிளம்பிட்டாருன்னா ஊர் சிரிக்குமாம். மறதின்னு சொன்னா ஊர் பாவப்படுமாம். உங்க அண்ணனோட கண்டுபிடிப்பு."

தலைவர் அடையாள அட்டையைப் பைக்குள் திணித்தார். அசட்டுத்தனத்துக்கு ஓர் எல்லை உண்டு என்று இதுவரை நம்பியிருந்த டாக்டர் அந்த நம்பிக்கையைக் கைவிட்டாள். திட்ட வாயைத் திறந்தாள். அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்பாடு மறுபடி கேட்டது நிஜம்தான்" என்றார் அப்பா. "பசிச்சுது, கேட்டேன். அதுக்குப் பேரு மறதின்னா ஊர்ல பாதிப் பேரு மறதிக்காரன்தான்."

"சரிப்பா, இவன் வீடு பிடிக்கலை. என் வீடு என்ன பாவம் பண்ணுச்சு? வாராவாரம் உங்களுக்காகத்தானே வந்து இவன்கூடச் சண்டை போட்டேன்?"

"போட்டே. இவன்கூடத்தான் போட்டே. நான் நடுவுல உக்காந்திருந்தேன். இவன் என்னைப் பத்தி ஊர்கிட்டப் பேசுறான். நீ என்னைப் பத்தி இவன்கிட்டப் பேசுற. என்கிட்டப் பேசுனது யாரு? எரியுற கொள்ளியில எது நல்ல கொள்ளின்னு நான் தேர்ந்தெடுக்கணுமா?"

இத்தனை வருஷம் அண்ணனை எந்தப் பார்வையால் பார்த்தாளோ, அதே பார்வை இப்போது அப்பாவின் கண்ணிலிருந்து அவள்மேல் விழுந்தது. இளக்காரம் அவளுக்குக் கூடப்பிறந்தது என்றுதான் நினைத்திருந்தாள். அது அப்பா வழிச் சொத்து என்று இன்றுதான் தெரிந்தது. பங்கு பிரிக்கும்போது அவளுக்கும் அண்ணனுக்கும் அவர் சமமாகவே கொடுத்திருந்தார். அவமானமாக இருந்தது. அழுகையும் வரும்போல இருந்தது.

"அந்த இல்லத்துல அப்படி யாருப்பா இருக்காங்க?" என்று கேட்டாள்.

"வாட்ச்மேன்."

தலைவரே நிமிர்ந்துவிட்டார். "எந்த வாட்ச்மேன்?"

"எத்தனை வாட்ச்மேன் இருக்கான் நம்ம குடும்பத்துக்கு? அவன்தான். பேக்டரியில என்கூட வேலை பாத்த ஆள் ஒருத்தர் விவரம் சொன்னாரு, போய்ப் பாத்தேன். அதே திமிரு, அதே கட்டைக் குரல். போய் நின்னதும் திட்ட ஆரம்பிச்சான். எங்கப்பாவைத் திட்டினான், என்னைத் திட்டினான், பூட்டைத் திட்டினான். கம்பி, மரப்பெட்டின்னு அன்னிக்கு நடந்ததை ஒண்ணொண்ணா சொல்லிச் சொல்லிப் பொழுது சாய்ற வரைக்கும் திட்டினான்." அப்பா கொஞ்சம் சிரித்தார். "ஆனா என் மூஞ்சியைப் பாத்துத் திட்டினான்மா. நடுவுல மூச்சு வாங்கினப்ப, நீ என்ன சொல்றேன்னு கேட்டான். அப்புறம் ரெண்டு பேரும் கேரம் ஆடினோம். ஜெயிச்சதும் அவன்தான்."

டீ டிரம்மின் குழாய் சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. அண்ணி போய் அதைத் திருகி மூடினாள்.

"அவன் ரூம்ல ஒரு கட்டில் காலி" என்றார் அப்பா. "கேட்டிருக்கேன். இல்லத்துல சரின்னுட்டாங்க. அவன் இன்னும் சரின்னு சொல்லலை. பெரிய முதலாளி மகனோட ஒரே ரூம்ல படுக்கலாமா வேணாமான்னு யோசிக்கிறானாம். நாளைக்குக் காலையில வா, சொல்றேன்னிருக்கான்."

"நான் கார்ல கூட்டிட்டுப் போறேன்" என்றார் தலைவர்.

"நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் டாக்டர், அதே மூச்சில்.

"ரெண்டு பேரும் வேணாம். பஸ் இருக்கு."

அப்பா நாற்காலியின் விளிம்பைப் பிடித்து எழுந்தார். அண்ணி தாங்க வந்தாள், வேண்டாம் என்று தலையசைத்தார். பூங்காவின் பின்வாசல் பக்கம், நாளைக் காலை முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கடைக்காரரைக் கேட்கப் போகிறவர் போல, நடக்க ஆரம்பித்தார்.

டாக்டர் இரண்டடி பின்னால் ஓடினாள். "அப்பா, அவர் வேணாம்னு சொல்லிட்டா?"

அப்பா நின்றார். திரும்பி, முதலில் மகனைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார்.

"சொன்னா சொல்லிட்டுப் போறான். அப்பவும் உங்க ரெண்டு வீட்டுக்கும் வரமாட்டேன்" என்றார்.